கையெழுத்துப் போடும் முன் வண்டியைச் சுற்றிப் பாருங்கள்



நம் தீவுக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் பலர் ஸ்கூட்டரை வாடகைக்கு எடுக்கிறார்கள். ஸ்ரீ விஜயபுரத்திலும் இந்தக் கடைகள் உண்டு. ஸ்வராஜ் தீவிலும் உண்டு. (போர்ட் பிளேருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது. ஹேவ்லாக் தீவுக்கு 2018-இல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாறியது.) விருந்தாளி வந்தால் நம் வீட்டுப் பிள்ளைகளும் வாடகை வண்டி எடுப்பது உண்டு.

வண்டி நல்லபடியாகத் திரும்பினால் தொல்லை இல்லை. கீழே விழுந்தால்தான் வழக்கு. இது யார் செய்த சேதம்? யார் பணம் கட்டுவது? இன்சூரன்ஸ் தருமா?

எங்கள் மாலை வகுப்பில் படிக்கும் ஓர் அக்காவுக்கு இந்த வழக்கு வந்தது. அவர் தலையில் கூடை வைத்து மீன் விற்பவர். நாற்பத்தைந்து வயதில் எழுத்துப் படித்தவர். அவர் கதையைக் கேளுங்கள்.

1. மழையில் சறுக்கிய வண்டி

ராமநாதபுரத்திலிருந்து அக்காவின் அண்ணன் மகன் வந்திருந்தான். அவனுக்கு ஊரைக் காட்ட அக்காவின் மகன் ஒரு ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்தான். ஒரு நாள் வாடகை 600 ரூபாய். முன்பணம் 2,000 ரூபாய். லைசன்ஸையும் கடைக்காரர் வாங்கி வைத்துக்கொண்டார்.

"இன்சூரன்ஸ் இருக்கா?" என்று பையன் கேட்டான்.

"எல்லாம் இருக்கு. கவலைப்படாமல் போய் வா" என்றார் கடைக்காரர்.

ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார். தாள் ஆங்கிலத்தில் இருந்தது. பையன் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவன். ஆனாலும் படிக்காமலே கையெழுத்துப் போட்டான்.

இருவரும் சிடியாடாப்பூ போனார்கள். திரும்பும்போது மழை. ஒரு வளைவில் வண்டி சறுக்கி இடது பக்கம் சாய்ந்தது. நல்லவேளை, யாருக்கும் பெரிய அடி இல்லை. வண்டியின் இடது பக்கம் உடைந்தது.

மறுநாள் கடைக்காரர் ஒரு கணக்குக் கொடுத்தார்.

முன் மட்கார்டு – ரூ. 1,400
இடது சைடு பேனல் – ரூ. 1,600
இடது கண்ணாடி – ரூ. 350
பின் டயர் – ரூ. 1,500
கூலி – ரூ. 900
வண்டி நின்ற 3 நாள் வாடகை – ரூ. 1,800
மொத்தம் – ரூ. 7,550

"முன்பணம் 2,000 போக 5,550 கொண்டு வா. அப்புறம் லைசன்ஸை வாங்கிக்கொள்" என்று சொல்லிவிட்டார்.

திங்கள்கிழமை பையன் சரக்கு வண்டி ஓட்டும் வேலையில் சேர வேண்டும். லைசன்ஸ் இல்லாமல் எப்படிச் சேருவது? அக்காவிடம் சீட்டு எடுத்த பணம் ஆறாயிரம் இருந்தது. மகளின் படிப்புக்கு வைத்த பணம் அது.

வியாழக்கிழமை மாலை அக்கா வகுப்புக்கு வந்தார். பலகையைத் தொடவில்லை. முந்தானையில் முடிந்திருந்த தாள்களை எடுத்து என் முன் வைத்தார்.

"பணத்தைக் கட்டிவிடலாம் என்று நினைக்கிறேன் டீச்சர். கட்டும் முன் இதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டும்" என்றார்.

2. அக்கா கண்டுபிடித்த இரண்டு தேதி

தாள்கள் மூன்று. ஒன்று கையெழுத்துப் போட்ட வாடகைத் தாள். ஒன்று சேதக் கணக்கு. மூன்றாவது இன்சூரன்ஸ் தாளின் நகல். வண்டியோடு கொடுத்த நகல் அது.

ஆங்கிலத்தை நான் படித்தேன். எண்களை அக்கா படித்தார். எண்ணுக்கு மொழி இல்லை அல்லவா?

"டீச்சர், இங்கே ஒரு தேதி இருக்கு. கீழே இன்னொரு தேதி இருக்கு. ஒரே இன்சூரன்ஸுக்கு ஏன் இரண்டு தேதி?" என்று கேட்டார்.

நான் அதைக் கவனிக்கவில்லை. திரும்பப் படித்தேன். மேலே இருந்தது வண்டியின் சொந்தச் சேதத்துக்கான இன்சூரன்ஸ். அது ஓர் ஆண்டுக்கு மட்டும். நான்கு மாதத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. கீழே இருந்தது மூன்றாம் நபர் இன்சூரன்ஸ். அது ஐந்து ஆண்டுக்கு. இன்னும் முடியவில்லை.

"அப்படியானால் 'எல்லாம் இருக்கு' என்று அவர் சொன்னது?"

"பாதி இருக்கு, பாதி இல்லை அக்கா."

3. இன்சூரன்ஸ் யாருக்கு உதவும்?

இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். வண்டி இன்சூரன்ஸில் முக்கியமாக இரண்டு பகுதி.

முதல் பகுதி மூன்றாம் நபர் இன்சூரன்ஸ். நம் வண்டி மோதி ரோட்டில் போகும் ஒருவருக்கு அடிபட்டாலோ, உயிர் போனாலோ, அவர் பொருள் சேதமானாலோ, இது நஷ்ட ஈடு தரும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி இது கட்டாயம். இது இல்லாமல் வண்டி ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் நம் வண்டியின் சேதத்துக்கு இதிலிருந்து ஒரு ரூபாயும் வராது.

இரண்டாம் பகுதி சொந்தச் சேத இன்சூரன்ஸ். வண்டி உடைந்தால், எரிந்தால், திருடு போனால் இது பணம் தரும். இது கட்டாயம் இல்லை. உரிமையாளர் விரும்பினால் எடுப்பார்.

2018 செப்டம்பர் 1 முதல் ஒரு புது விதி வந்தது. புதிய இருசக்கர வண்டி வாங்கும்போதே ஐந்து ஆண்டுக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் எடுத்துவிட வேண்டும். சொந்தச் சேத இன்சூரன்ஸை ஓர் ஆண்டுக்கு மட்டும் எடுப்பவர்கள் உண்டு. அது முடிந்த பிறகு புதுப்பிக்காமல் விடுபவர்களும் உண்டு. அதனால்தான் ஒரே தாளில் இரண்டு தேதி.

இன்னும் மூன்று செய்தி தெரிந்துகொள்வோம்.

ஒன்று: சொந்தச் சேத இன்சூரன்ஸ் இருந்தாலும் முழுப் பணமும் வராது. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானம் என்று பாதி கழிப்பது வழக்கம். ஸ்கூட்டரின் வெளிப்பாகங்கள் பலவும் பிளாஸ்டிக் அல்லவா? ஆண்டு முழுதும் இன்சூரன்ஸில் பணம் கேட்காத உரிமையாளருக்கு மறு ஆண்டு தள்ளுபடி உண்டு. அது 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை ஏறும். பணம் கேட்டால் அந்தத் தள்ளுபடி போய்விடும். அதனால் சிறு சேதத்துக்கு உரிமையாளர்கள் இன்சூரன்ஸைத் தொடத் தயங்குவார்கள். வாடகைக்கு எடுத்தவரிடம் கேட்பார்கள்.

இரண்டு: ஓட்டுபவரிடம் சரியான லைசன்ஸ் இல்லாவிட்டாலோ, அவர் குடித்திருந்தாலோ சொந்தச் சேத இன்சூரன்ஸ் கிடைக்காது.

மூன்று: நம்பர் பலகையின் நிறத்தைப் பாருங்கள். முறையாக உரிமம் பெற்ற வாடகை ஸ்கூட்டருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் அது சொந்த உபயோக வண்டி. அதன் இன்சூரன்ஸ் தாளிலேயே 'வாடகைக்கு விடக் கூடாது' என்ற நிபந்தனை இருக்கும். அந்த வண்டியை வாடகைக்கு எடுத்து விழுந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கலாம்.

4. அக்கா எழுதிய பட்டியல்

அன்று இரவு அக்கா தன் நோட்டில் ஒரு பட்டியல் எழுதினார். நான் சொல்லித் தரவில்லை. அவரே எழுதினார்.

மகனைக் கூப்பிட்டுக் கேட்டார். "எது நீ உடைத்தது? மறைக்காமல் சொல்."

"இடது சைடு பேனல், இடது கண்ணாடி. வளைவில் கொஞ்சம் வேகமாகத்தான் போனேன் அம்மா. மட்கார்டு முன்பே கீறியிருந்தது. டயரை நான் பார்க்கவில்லை."

"மட்கார்டு முன்பே கீறியிருந்ததற்கு என்ன சாட்சி?"

பையன் யோசித்தான். உடனே மச்சானுக்குப் போன் போட்டான். வண்டி எடுத்த அன்று கடை வாசலில் மச்சான் ஒரு படம் எடுத்திருந்தான். ஊருக்கு அனுப்ப எடுத்த படம். அதில் வண்டி முழுதாகத் தெரிந்தது. மட்கார்டில் நீளமான கீறலும் தெரிந்தது. படத்தின் நாளும் நேரமும் போனில் இருந்தன.

வெள்ளிக்கிழமை வியாபாரம் முடிந்ததும் அக்கா கடைக்குப் போனார். நானும் பையனும் கூடப் போனோம்.

"அண்ணே, என் மகன் உடைத்ததற்கு நான் பணம் தருகிறேன். அதில் பேச்சு இல்லை. ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்" என்று அக்கா நோட்டைத் திறந்தார்.

"பார்க்க என்ன இருக்கு அக்கா? எந்தச் சேதம் ஆனாலும் எடுத்தவர் பொறுப்பு என்று தாளில் இருக்கு. உங்கள் பையன் கையெழுத்துப் போட்டிருக்கிறான்."

"சரி அண்ணே. அவன் எடுத்த பிறகு ஆன சேதத்துக்குத்தானே கையெழுத்து? எடுக்கும் முன் ஆன சேதத்துக்கும் சேர்த்தா?"

படத்தைக் காட்டினார். கடைக்காரர் உற்றுப் பார்த்தார். மட்கார்டைக் கணக்கிலிருந்து அடித்தார்.

வண்டி பக்கத்து ஷெட்டில்தான் நின்றது. எல்லோரும் போய்ப் பார்த்தோம். அக்கா குனிந்து பின் டயரைக் கையால் தடவினார். கோடே இல்லை. மொட்டை டயர்.

"டயர் ஒரு சறுக்கலில் தேயாது அண்ணே. மாதக்கணக்கில் ஓடித் தேய்ந்த டயர் இது. இந்த டயரில்தான் என் பிள்ளையை மழையில் அனுப்பினீர்கள்."

கடைக்காரர் பதில் சொல்லவில்லை. மெக்கானிக் தரையைப் பார்த்தார். டயரும் கணக்கிலிருந்து போனது.

கூலிக்குப் பில் கேட்டோம். பேனலும் கண்ணாடியும் மாட்ட 500 ரூபாய் என்று மெக்கானிக் எழுதிக் கொடுத்தார். வேலை ஒரு நாள்தான் என்றும் சொன்னார். அதனால் மூன்று நாள் வாடகை ஒரு நாள் ஆனது.

சைடு பேனல் 1,600. கண்ணாடி 350. கூலி 500. ஒரு நாள் வாடகை 600. மொத்தம் 3,050 ரூபாய். முன்பணம் 2,000 போக 1,050 பாக்கி.

அக்கா 1,050 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். லைசன்ஸை வாங்கினார். அதோடு நிற்கவில்லை. "கணக்கு முடிந்தது, பாக்கி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் அண்ணே" என்றார். கடைக்காரர் எழுதிக் கொடுத்தார். அக்கா அதை நின்று படித்தார். பிறகுதான் முந்தானையில் முடிந்தார்.

கடைக்காரர் சொன்னதையும் சொல்ல வேண்டும். "நாலு பேர் உடைத்துவிட்டுச் சொல்லாமல் விட்டுப் போகிறார்கள் அக்கா. அந்த நஷ்டத்தை நான் யாரிடம் கேட்பது?" என்றார். அதுவும் உண்மைதான். ஆனால் நாலு பேர் செய்த சேதத்தை ஐந்தாவது ஆள் தலையில் கட்டுவது நியாயம் இல்லை. கொடுக்கும்போதும் வாங்கும்போதும் எழுதி வைத்தால் இரு பக்கமும் நஷ்டம் இல்லை.

5. சட்டம் என்ன சொல்கிறது?

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் பழைய சட்டம். இன்றும் நடப்பில் இருக்கிறது. ஒருவர் பொருளை மற்றவர் வாங்கிப் பயன்படுத்துவது பற்றி அதில் சொல்லியிருக்கிறது.

வாங்கியவரின் கடமை: சாதாரண விவேகம் உள்ள ஒருவர் தன் பொருளை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வாரோ, அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்துக்கொண்டும் சேதம் வந்தால் அவர் பொறுப்பு இல்லை. ஆனால் 'எது நடந்தாலும் நான் பொறுப்பு' என்று எழுதிக் கொடுத்திருந்தால் நிலைமை மாறும். கையெழுத்துக்கு அவ்வளவு கனம் உண்டு.

கொடுத்தவரின் கடமை: வாடகைக்கு விடும் பொருளில் குறை இருந்து, அதனால் வாங்கியவருக்குக் கெடுதல் வந்தால் கொடுத்தவரே பொறுப்பு. குறை எனக்குத் தெரியாது என்று அவர் தப்ப முடியாது. மொட்டை டயர், பிடிக்காத பிரேக் எல்லாம் இதில் அடங்கும்.

தொகை பற்றி: 'சேதமானால் 20,000 ரூபாய்' என்று தாளில் இருக்கலாம். வழக்கு என்று போனால், நியாயமான நஷ்ட ஈடுதான் கிடைக்கும். எழுதிய தொகை முழுதும் தானாகக் கிடைத்துவிடாது.

லைசன்ஸ் பற்றி: அரசு கொடுத்த லைசன்ஸைப் பறித்து வைக்கும் அதிகாரம் தனியார் கடைக்கு இல்லை. நகல் கொடுங்கள். அசலைக் கையில் வையுங்கள். வண்டி ஓட்டும்போது போலீஸ் கேட்டால் காட்ட அது வேண்டும்.

6. பேச்சில் தீராவிட்டால்

பணம் கொடுத்து வாடகைக்கு எடுப்பவர் ஒரு நுகர்வோர். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முதலில் 1986-இல் வந்தது. இப்போது 2019-ஆம் ஆண்டின் புதிய சட்டம் நடப்பில் உள்ளது.

1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இது தேசிய நுகர்வோர் உதவி எண்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் எழுதிக் கொடுக்கலாம். கொடுத்த வாடகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். வக்கீல் கட்டாயம் இல்லை. ஊருக்குத் திரும்பிப் போனவர் தன் ஊர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம்.

சட்ட ஆலோசனைக்கு 15100 என்ற எண் உண்டு. இலவச சட்ட உதவி பெற எல்லாப் பெண்களுக்கும் உரிமை உண்டு. வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை.

விபத்தில் யாருக்காவது அடிபட்டால் வேறு கணக்கு. முதலில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். 112-க்குப் போன் செய்யுங்கள். போலீசில் சொல்லுங்கள். வண்டிக்காரருக்கும் உடனே சொல்லுங்கள். 'நமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்' என்று மறைத்தால் அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் பணம் கிடைப்பது கஷ்டமாகும்.

7. நினைவில் வைப்போம்

வண்டி எடுக்கும் முன்:
• வண்டியைச் சுற்றி வாருங்கள். கீறல், உடைசல், டயர், பிரேக், விளக்கு பாருங்கள்.
• நான்கு பக்கமும் படம் எடுங்கள்.
• பழைய சேதத்தை வாடகைத் தாளில் எழுதச் சொல்லுங்கள்.
• இன்சூரன்ஸ் தாளில் இரண்டு தேதியையும் பாருங்கள்.
• நம்பர் பலகையின் நிறத்தைப் பாருங்கள்.
• தாளைப் படியுங்கள். புரியாவிட்டால் படித்துச் சொல்லக் கேளுங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

திருப்பிக் கொடுக்கும்போது:
• உரிமையாளர் முன் மறுபடி சுற்றிப் பாருங்கள். மறுபடி படம் எடுங்கள்.
• நீங்கள் செய்த சேதத்தை மறைக்காதீர்கள்.
• ஒவ்வொரு செலவுக்கும் பில் கேளுங்கள்.
• பணம் கொடுத்தால் ரசீது வாங்குங்கள்.

8. கணக்குப் போடுவோம்

1. கடைக்காரர் முதலில் கேட்ட மொத்தத் தொகை 7,550 ரூபாய். முடிவில் ஒப்புக்கொண்ட தொகை 3,050 ரூபாய். அக்காவுக்கு மிச்சம் எவ்வளவு?
2. சைடு பேனல் விலை 1,600 ரூபாய். இன்சூரன்ஸில் பாதி கழித்தால் எவ்வளவு வரும்?

9. பேசுவோம், எழுதுவோம்

1. பையன் பன்னிரண்டாம் வகுப்பு படித்தவன். அவன் பார்க்காததை அக்கா எப்படிப் பார்த்தார்?
2. தான் உடைத்ததை மகன் மறைத்திருந்தால் கடையில் பேச்சு எப்படிப் போயிருக்கும்?
3. உங்கள் வீட்டில் உள்ள ஏதாவது ஒரு இன்சூரன்ஸ் தாளை எடுங்கள். அதில் உள்ள தேதிகளைப் பார்த்து நோட்டில் எழுதுங்கள்.
4. 'கணக்கு முடிந்தது, பாக்கி இல்லை' என்று ஒரு ரசீது எழுதிப் பழகுங்கள். நாள், தொகை, யார் கொடுத்தார், யார் வாங்கினார், கையெழுத்து ஆகிய ஐந்தும் அதில் இருக்க வேண்டும்.